உரிமத் தாளும் பூட்டிய பெட்டியும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஆயுதம் என்றால் கத்திதான். பால் கத்தி, பாராங் கத்தி, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் ஆகியவை நம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்படும் தொழிலாளியை நிறுத்திக் காகிதம் கேட்பாரில்லை. துப்பாக்கியின் கதை வேறு. காட்டுப்பன்றி விரட்டும் காவற்காரரின் தோளில் தொங்கும் பழைய துப்பாக்கிக்குக்கூட ஓர் உரிமத் தாள் உண்டு. அதில் பெயர் உண்டு, துப்பாக்கியின் எண் உண்டு, வாங்கக்கூடிய தோட்டாக்களுக்கு ஓர் அளவும் உண்டு. அந்தத் தாள் எப்படி வந்தது, அது இல்லாமற்போனதால் நம்மவர் சிலருக்கு என்ன நேர்ந்தது, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் வழக்கம் ஏன் இவ்வளவு கண்டிப்பாயிற்று என்பனவற்றை இன்று நாம் பார்ப்போம்.

துப்பாக்கியைப் பற்றி அரசாங்கம் எப்போதும் இரண்டே கேள்விகள் கேட்கிறது. இது யார் பெயரில் இருக்கிறது? இராத்திரியில் இது எங்கே தூங்குகிறது? சட்டப் புத்தகத்தின் எல்லாப் பிரிவுகளும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் பதில் சொல்லும் உரிமை எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை.

நம் முன்னோர் கப்பலேறுவதற்கு முன்பே இந்தக் கேள்வி அவர்களைத் தொட்டுவிட்டது. தமிழகத்துப் பாளையக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டதை நாம் அறிவோம். கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றிலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். அதற்குப் பின் கம்பெனி செய்த முதல் வேலை யாது? கோட்டைகளை இடித்ததும் ஆயுதங்களைப் பறித்ததுந்தான். ஊர் ஊராக வேல், வாள், துப்பாக்கி ஆகியவை திரட்டப்பட்டன. பிறகு 1878-இல், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு. ஒரே ஊரில் இருவர் இருந்தால் ஒருவருக்குத் தாள் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம். சட்டம் என்ற பெயரில் இப்படியும் ஒன்று இருந்தது.

அந்த மண்ணிலிருந்துதான் நம்மவர் மலாயாவுக்கு வந்தனர். இங்கும் உரிம முறை வெள்ளைக்காரர் காலத்திலேயே வேரூன்றியது. நீரிணைக் குடியேற்றங்களில் ஆயுதங்களையும் வெடிமருந்தையும் பற்றிய சட்டம் 1913-இல் இயற்றப்பட்டது. தோட்டத்தில் துப்பாக்கி என்றால் அது துரையின் பங்களாவில் இருக்கும் பொருள். வேட்டைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று. கிராணிக்கும் கங்காணிக்கும்கூட எட்டாத பொருள் அது. லயத்தில் இருந்தவர்களுக்குத் துப்பாக்கி என்பது தொலைவில் கேட்கும் ஓசைதான்.

இந்த நிலையை ஜப்பானியர் காலம் தலைகீழாக்கியது. 1943-இல் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு, தோட்டங்களிலிருந்து நம் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. முந்தைய நாள் வரை பால் வாளி சுமந்த பெண்களின் தோளில் துப்பாக்கி ஏறியது. துரை பங்களாவின் கதவுக்கு அப்பால் இருந்த பொருளைத் தம் கையால் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகள். 1945-இல் போர் முடிந்ததும் அந்த ஆயுதங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் கற்ற கையும் பார்த்த கண்ணும் பழையபடி ஆகிவிடுமா?

காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையும் 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்துப் படையிலிருந்து விலகியவர்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,500 ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. ஆனாலும் எல்லாம் வந்து சேரவில்லை. ஒரு பகுதி காட்டிலே மறைத்து வைக்கப்பட்டது. எத்தனை ஒளிந்தன என்பதற்குக் கணக்கில்லை. காகிதத்தில் ஏறாத துப்பாக்கியை எவர் எண்ண முடியும்?

மறைந்திருந்த துப்பாக்கிகள் 1948-இல் வெளியே வந்தன. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் காலை, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து நிர்வாகி வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இருவரும் அன்றே கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. டாருராட் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காலம் அதுதான். 1960 ஜூலை 31 வரை அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அவசரகால விதிகளில் ஒன்று நம் பேச்சுக்கு மிக முக்கியமானது. சட்டப்படியான அனுமதி இல்லாமல் துப்பாக்கியைக் கொண்டு செல்பவனுக்கு மரண தண்டனை என்றது அந்த விதி. அவன் எவரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை, மிரட்டியிருக்கவும் வேண்டியதில்லை. கையில் துப்பாக்கி இருந்து, சட்டைப் பையில் தாள் இல்லாவிட்டால் அதுவே போதும். ஒரு துண்டுக் காகிதத்துக்கும் ஓர் உயிருக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் அதற்கு முன் இந்நாட்டில் இருந்ததில்லை.

இந்த விதியால் உயிரிழந்தவர்களுள் நம் தொழிலாளர் வரலாற்றில் மறக்க முடியாதவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். இந்திய தேசிய இராணுவத்திலும் பணியாற்றியவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கினார். அந்தச் சம்மேளனம் 1948-இல் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச் 1-ஆம் நாள், ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் அவர் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. மார்ச் 15-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால் இரண்டே வாரம்! இந்திய அரசாங்கம் கருணை காட்டுமாறு கேட்டுக்கொண்டது, பலனில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியின் அரசியல் சரியா தவறா என்பதைப் பற்றி நம் பெரியவர்களிடையே இன்றும் இரு கட்சி உண்டு. அந்த வழக்கை நாம் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. அவர் எவரையும் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்படவில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். வைத்திருந்தார் என்பதே வழக்கு; அதற்கே தூக்குக் கயிறு.

அதே விதியின்கீழ் இன்னொரு தமிழர் மீது வந்த வழக்கு வேறு விதமாக முடிந்தது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வழக்கு என்பது எங்கள் கருத்து. சாம்பசிவம் என்பவர் 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: சுழல் துப்பாக்கி ஒன்றைக் கொண்டு சென்றது ஒன்று, பத்துத் தோட்டாக்களை வைத்திருந்தது மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டா பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி பற்றியதை மட்டும் மறுபடி விசாரிக்க உத்தரவாயிற்று. இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது.

அங்கே நீதிபதிகள் ஒரு முரண்பாட்டைக் கண்டனர். சாம்பசிவம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தில் துப்பாக்கி, தோட்டா இரண்டையும் வைத்திருந்ததாக இருந்தது. ஆனால் தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்துவிட்டது. அப்படியானால் அந்த வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய் என்றே கொள்ள வேண்டும். இதை இரண்டாம் விசாரணையில் அமர்ந்திருந்த அசெசர்களுக்கு, அதாவது நீதிபதிக்குத் துணையாக உட்காரும் பொதுமக்களுக்கு, யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு முறை விடுதலை என்று சொன்ன பின், அந்த விடுதலையை எல்லாரும் முழுமையாக மதிக்க வேண்டும் என்று கூறி, 1950-இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது. ஒரு தமிழர் உயிர் பிழைத்தார். பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை அவர் பெயராலேயே எடுத்துக்காட்டுகிறார்கள்.

சரி, தாளைப் பற்றிப் பேசினோம். இனி பூட்டைப் பற்றி.

அவசரகாலத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படைக்கு வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வந்து சேரும் வழி கிடையாது. 1945-இல் ஒளித்து வைத்தவை, பிறகு பறித்தெடுத்தவை இவ்விரண்டுமே அவர்களுக்குக் கிடைத்த ஆயுதங்கள். ஆகவே தோட்டத்தில் சுவரோரம் சாத்தி வைத்த ஒரு துப்பாக்கி தொலைந்தால், சில நாளில் அது காட்டிலிருந்து திரும்பி நம்மையே நோக்கும். இந்த ஒரு காரணத்தை விளங்கிக்கொண்டால் அன்றைய கெடுபிடிகள் எல்லாம் விளங்கிவிடும். துரை பங்களாவைச் சுற்றி முள்வேலி, மணல் மூட்டை, இரவெல்லாம் விளக்கு. தோட்டந்தோறும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். நாடு முழுவதும் அவர்கள் 30,000-க்கு மேல் இருந்தனர். பெரும்பாலோர் மலாய்க்கார இளைஞர்கள். லயங்களையும் ஓரிடத்தில் குவித்து வேலி போட்டார்கள். அரிசியைக் கணக்கிட்டதைப் போலவே தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள்.

1952-இல் ஹைகமிஷனராக வந்த ஜெனரல் டெம்ப்ளர் துணிந்து ஒரு காரியம் செய்தார். புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டிருந்த சீனர்களின் ஊர்க்காவல் படைக்குத் துப்பாக்கி கொடுத்தார். ‘இவர்களிடம் கொடுத்தால் அப்படியே காட்டுக்குப் போய்விடும்’ என்று அதிகாரிகளில் பலர் அஞ்சினார்கள். ஆனால் அஞ்சிய அளவுக்கு ஆயுதங்கள் தொலையவில்லை. ஊர் தன் பொறுப்பைக் காட்டக் காட்டத்தான் ஆயுதமும் படிப்படியாக அதன் கைக்கு வந்தது. பூட்டையும் கொடுத்துச் சாவியையும் கொடுப்பது என்பது இதுதான்.

அவசரகாலம் முடிந்த 1960-ஆம் ஆண்டிலேயே இன்று நாட்டில் நடப்பிலிருக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் உள்ளது. கேட்டவுடன் கிடைக்கும் பொருளன்று அது; தேவை என்ன என்று காட்ட வேண்டும். காட்டுப்பன்றியும் குரங்கும் அழிக்கும் பயிரைக் காக்க, குழல் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர்கள் கிராமப்புறங்களில் இருக்கிறார்கள். செனாப்பாங் பாத்தா என்று மலாயில் சொல்வது இதைத்தான்.

இங்கே நம் மக்கள் குழம்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உரிமம் மனிதனுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. இந்த மனிதன், இந்தத் துப்பாக்கி என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கொடுக்கப்படுவது. பழைய துப்பாக்கி பழுதாகிவிட்டது, கடைக்காரரிடம் வேறொன்று நல்ல விலைக்கு இருக்கிறது என்று மாற்றிக்கொண்டு வந்துவிட முடியாது. முதலில் அனுமதி, பழையதன் எண் பதிவிலிருந்து நீங்கி, புதியதன் எண் ஏற வேண்டும். மைத்துனரும் உரிமம் வைத்திருக்கிறார், நானும் வைத்திருக்கிறேன், ஒரு வாரத்துக்கு மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் இருவருமே உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர்களாகி விடுகிறார்கள். சட்டத்தின்படி அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதலாளியின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரவுக் காவலுக்குப் போகும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். உரிமம் முதலாளி பெயரில் இருந்தால், தொழிலாளிக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் தனி அனுமதி வேண்டும். ‘முதலாளி சொன்னார், நான் எடுத்தேன்’ என்பது நீதிமன்றத்தில் நிற்காது. நம் ஜாகாக்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கணபதியின் காலத்திலிருந்து இன்று வரை, கையில் இருப்பவனைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

1960-க்குப் பிறகும் தண்டனைகள் கடுமையாகிக்கொண்டே போயின. 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம், கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியால் சுட்டாலே மரணம் என்றது. கள்ளத்தனமாக வைத்திருப்பதற்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் என்றது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழோ, பாதுகாப்புப் பகுதியில் வைத்திருந்தாலே தூக்கு. 1975-இல் வந்த விதிகளால் சிறுவர்களும் பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்பட்டனர். 1977-இல் பினாங்கில், கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, பிடிபட்டபோது 14 வயதே ஆகியிருந்த சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே திகைத்தது. பின்னர் அத்தண்டனை குறைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முடித்து இரண்டு ஆண்டு ஆன பிள்ளையின் வயது அது. தினமும் அந்த வயதுக்கு அருகிலுள்ள முகங்களைப் பார்க்கும் எங்களுக்கு அந்தச் செய்தியை வெறும் சட்டச் செய்தியாகப் படிக்க முடிவதில்லை.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்தது. துப்பாக்கிக் குற்றங்களிலும் இப்போது தூக்கு ஒன்றே வழி என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. நீண்ட சிறைத்தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம்.

பூட்டு இருந்தும் துப்பாக்கி போனதுண்டு. 2000-ஆம் ஆண்டு ஜூலை 2-இல், பேராக் மாநிலம் கிரிக் வட்டாரத்து இராணுவ முகாமுக்கு அதிகாரிகளைப் போல உடுத்து வந்த ஒரு கூட்டம், திடீர்ச் சோதனை என்று சொல்லி ஆயுதக் கிடங்கைத் திறக்கச் செய்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிச் சென்றது. சவுக் அருகே மலையில் ஒளிந்த அவர்கள் சில நாளில் சரணடைந்தாலும், பிணையாகப் பிடிக்கப்பட்டவர்களில் இருவர் கொல்லப்பட்டனர். அங்கே பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி வைத்திருந்தவர்கள், கேட்டவரின் தாளைச் சரிபார்க்கவில்லை.

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே குறைவு. ஆனாலும் உறவினர் வீட்டிலோ, காவற்காரர் வீட்டிலோ பிள்ளைகள் அதைப் பார்க்கக் கூடும். எங்கள் பள்ளி மாணவர்கள் செம்பனைக் காட்டில் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து வாயில் வைத்து ஊதுவார்கள். பிடுங்கி வைத்தால் மறுநாள் வேறொன்று வரும். கூடு பொறுக்கும் கை, துப்பாக்கி கண்ணில் பட்டால் சும்மா இருக்குமா? ஆகவே துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பெட்டியில் இருக்கலாகாது. துப்பாக்கியை இரும்புப் பெட்டியில், சுவரோடோ தரையோடோ முடுக்கிப் பூட்டுவது நல்லது. தோட்டா வேறிடத்தில், வேறு பூட்டில், ஈரம் படாமல் இருக்க வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் நனைந்த தோட்டாவை நம்ப முடியாது. மடக்குத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் கையால் பிடிக்கும் மரத்துண்டு தனியே கழன்று வரும். அதைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டால், திருடியவனுக்குக் கிடைப்பது உதவாத இரும்பு. மரப் பீரோவும் கட்டிலுக்கு அடியும் எந்தக் காலத்திலும் பாதுகாப்பான இடங்களாக இருந்ததில்லை. சாவி இருக்கும் இடம் உரிமக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வீட்டம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. இதைச் சொன்னால் சில வீடுகளில் சண்டை வரும் என்பதும் நமக்குத் தெரியும்!

இன்னும் ஒன்று. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வீடும் நிலமும் பிள்ளைகளுக்குச் சேரும்; துப்பாக்கி அப்படிச் சேராது. அந்தத் தாள் அவரோடு முடிந்துவிடுகிறது. அப்பா வைத்திருந்தது என்று மூத்த மகன் எடுத்துத் தன் அறையில் வைத்தால், அன்றிலிருந்து அவன் தாளில்லாமல் வைத்திருப்பவன். அந்தத் துப்பாக்கியைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள விரும்பினால் அவன் புதிதாக விண்ணப்பம் செய்ய வேண்டும். அதுவரை துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். பழைய வீட்டை இடிக்கும்போதோ, பரண் துடைக்கும்போதோ அவசரகாலத்துத் துப்பாக்கியோ தோட்டாவோ தட்டுப்பட்டால், எடுத்துக்கொண்டு சாலையில் நடக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் வந்து எடுத்துச் செல்லும்போது, என்ன பொருள், என்ன எண், எந்த நாள் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அடையாளக் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.